மடி நெல்

வல்லத்திராக்கோட்டை மருதாயிக்கு ஐம்பத்து நாலு வயதில் புதிதாக ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. கடலைக்கொல்லையில் பாம்பைக் கண்டால் மண்வெட்டியைத் தேடுகிறவள். இடி விழுந்தாலும் எடுத்த களையைப் போட்டுவிட்டு ஓடாதவள். அப்பேர்ப்பட்டவளுக்கு, பெற்ற மகன் தன்னைப் பார்த்துக் கூச்சப்படுகிறானோ என்று பயம்.

மகன் சந்தோஷ் கத்தாரில் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்காக நாற்பது நாள் லீவில் வந்திருந்தான். பெண் அரிமளத்துக்காரி, பெயர் காவ்யா. புதுக்கோட்டையில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, மருதாயி கொல்லையிலிருந்து வந்து அடிகுழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். சந்தோஷ் பக்கத்தில் வந்து நின்று, போனைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஆத்தா, கல்யாணத்தன்னிக்கு நீ முன்கொசுவம் வச்சுக் கட்டிக்க. வனிதான்னு ஒரு அக்கா வந்து கட்டிவிடும். பேசியாச்சு."

"சரிப்பா" என்றாள் மருதாயி. வேறென்ன சொல்வாள்? ஒற்றைப் பிள்ளை. அதுவும் இரண்டு வருஷம் கழித்து வந்திருக்கிற பிள்ளை.

விஷயம் என்னவென்றால், மருதாயி வயதுக்கு வந்த நாளிலிருந்து கட்டுவது பின்கொசுவம். கொசுவம் அத்தனையும் முதுகுப் பக்கம் விசிறியாக நிற்கும். முன்னால் இறுக்கமாக இரண்டு சுற்று. குனியலாம், நிமிரலாம், குத்தவைக்கலாம், வரப்புத் தாண்டலாம், எவனாவது வம்புக்கு வந்தால் தூக்கிச் செருகிக்கொண்டு சண்டைக்கும் நிற்கலாம். முன்பக்கத்துச் சுற்றைச் சற்றே தூக்கி இரண்டு ஓரத்தையும் இடுப்பில் செருகினால் மடி. பறித்த கடலை, கிள்ளிய கீரை, வெற்றிலைப் பொட்டலம், பஸ் டிக்கெட், ஒரு காலத்தில் இதே சந்தோஷ் பயலின் கிலுகிலுப்பை, எல்லாம் அதில்தான் கிடந்தன. ஊரில் இவள் வயதுக்காரிகளே பாதிப் பேர் முன்கொசுவத்துக்கு மாறி வருஷக்கணக்காகிவிட்டது. மருதாயி மாறவில்லை. பிடிவாதம் ஒன்றும் கிடையாது. மாறுவதற்கு ஒரு ஓய்ந்த நாள் வேண்டுமே, அது அவளுக்கு வாய்க்கவில்லை.

அன்று ராத்திரி சோறு போடும்போது புருஷன் சேவுகனிடம் மெதுவாகக் கேட்டுப்பார்த்தாள், பிள்ளைக்கு நம்மைப் பார்த்தால் பட்டிக்காடாகத் தெரிகிறதோ என்று. சேவுகன் சாதாரண நாளிலேயே பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனிதர். புள்ள ஆசைப்படுறான், ஒரு நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போயேன் என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றச் சொன்னார். இவரிடம் போய்க் கேட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வனிதா ஸ்கூட்டியில் வந்தாள். முப்பது வயதிருக்கும். சேலை கட்டிவிடுவதே அவளுக்குத் தொழில். சேலையை முன்கூட்டியே வாங்கிப்போய், கொசுவம் பிடித்து, இஸ்திரி போட்டு, டப்பாவில் அடுக்கிக்கொண்டு வந்து, மறுநாள் ஐந்து நிமிஷத்தில் ஆளைச் சுற்றிவிட்டுப் போய்விடுவாள். இப்படியும் ஒரு தொழில் வந்துவிட்டதே என்று மருதாயி வாயைப் பிளந்தாள். வனிதா போனை எடுத்து வரிசையாகப் படம் காட்டினாள். இது பெங்காலி, முந்தியில் சாவிக்கொத்தை முடிந்து தோளில் போடுவார்கள். இது குஜராத்தி, முந்தி வலது தோள் வழியாக முன்னால் வந்து விரிந்து தொங்கும். இது மராட்டி, கால் நடுவே கொடுத்துப் பின்னால் செருகுவது. மருதாயிக்கு உண்மையாகவே பிடித்துப்போயிற்று. ஒரே துணியை எத்தனை ஊர்ப் பொம்பளைகள் எத்தனை விதமாகச் சுற்றியிருக்கிறார்கள்! குடகுப் பக்கத்துக் கட்டு ஒன்று வந்தது. கொசுவம் பின்னால் இருந்தது. இவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த ஊர்லயும் பொம்பளைங்க காடு கழனிக்குப் போவாகபோல" என்றாள்.

அடுத்த படத்தில் ஒரு ஒல்லிப் பெண், கண்டாங்கிச் சேலையில், பழைய காரைவீட்டுத் தூணில் சாய்ந்து நின்றாள். பின்கொசுவம்! வனிதா அதற்குச் செட்டிநாட்டு ஸ்டைல் என்று பெயர் வைத்திருந்தாள். தன்னிடம் இருக்கிற கட்டுகளிலேயே அதற்குத்தான் கூலி அதிகம் என்றும், கட்டி முடிக்க இருபது நிமிஷம் பிடிக்கும் என்றும், மணப்பெண் காவ்யாகூட சாயங்கால ரிசப்ஷனுக்கு அதைத்தான் கேட்டிருப்பதாகவும் சொன்னாள். மருதாயியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தான் தினமும் விடியற்காலையில் கொட்டாவி விட்டபடி அரை நிமிஷத்தில் கட்டுகிற கட்டுக்கு இத்தனை மவுசா! சிரித்து ஓய்ந்த பிறகுதான் பழைய பயம் மறுபடியும் எட்டிப் பார்த்தது. மருமகள் கட்டினால் அழகு, நான் கட்டினால் மட்டும் கூச்சமா? அப்படியானால் கட்டில் குற்றமில்லை, கட்டுகிற ஆளில்தான் குற்றம்.

இதற்கு நடுவே இன்னொரு காரியமும் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மருதாயி வாக்கப்பட்ட பங்காளி வீடுகளில் மடி நெல் என்று ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டியானதும் பெண்ணைப் பெற்றவள் மூன்று படி விதைநெல்லைக் கொண்டுவந்து மாப்பிள்ளையைப் பெற்றவளின் மடியில் கொட்ட வேண்டும். அவள் அதைச் சுமந்துகொண்டு பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறுகிற வண்டியிலேயே ஏறி வீட்டுக்குப் போய், சாமி அறை அண்டாவில் சேர்க்க வேண்டும். வழியில் ஒரு நெல் சிந்தக்கூடாது. முந்தானையில் வாங்கக்கூடாது, அது கையேந்துகிற மாதிரி ஆகிவிடும் என்பார்கள். மடியில் வாங்கினால்தான் அந்தப் பெண்ணையே மடியில் வாங்கியதாக அர்த்தம். மருதாயியின் ஓரகத்தி அடைக்கி ஒன்பது வருஷத்துக்கு முன் தன் மகன் கல்யாணத்தில் ஒரு பிடி நெல்லைச் சிந்திவிட்டாள். அந்த மகனும் மருமகளும் திருப்பூரில் சௌக்கியமாக இருக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள் வேறு. ஆனாலும் அடைக்கி என்று பேச்செடுத்தால் சிந்தின நெல்லும் கூடவே வந்துவிடும். நம் சனம் அப்படி.

இந்த மடி நெல்லைப் பற்றி மட்டும் மருதாயிக்குத் துளி கவலை கிடையாது. அரை மூட்டைக் கடலையை மடியில் கட்டிக்கொண்டு வரப்பில் நடக்கிறவளுக்கு மூன்று படி நெல் எம்மாத்திரம்? அங்கேதான் தப்புப் பண்ணினாள். மடி என்பது கையும் காலும்போல உடம்போடு வருகிற ஒன்று என்றே நினைத்துவிட்டாள். அது சேலைக் கட்டோடு வருவது, கட்டு மாறினால் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முன்கொசுவம் கட்டுகிற மற்ற பொம்பளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் அன்றைக்கு ஒரு நாள் பழைய கட்டுக்கு மாறிக்கொள்வார்கள். எல்லோரும் பின்கொசுவத்துக்கு மாறுகிற நாளில் இவள் ஒருத்தி அதை விட்டு மாறப்போனாள்.

கல்யாணம் அரிமளத்தில் ஒரு மண்டபத்தில். காலையில் ஐந்தரை மணிக்கே வனிதா மருதாயியை அறைக்குள் நிறுத்திச் சுற்ற ஆரம்பித்தாள். மகன் எடுத்துக்கொடுத்த அரக்குப் பட்டு. கொசுவம் கத்தி வைத்தமாதிரி முன்னால் நின்றது. முந்தியைக் குறுக்கி மடித்துத் தோளில் குத்தினாள், இடுப்பில் குத்தினாள், கொசுவத்தைப் பாவாடையோடு சேர்த்துக் குத்தினாள். இருபது ஊக்கு. எண்ணித்தான் போடுவேன், எண்ணித்தான் எடுப்பேன், எந்த வீட்டிலும் ஒரு ஊக்கை விட்டுவந்ததில்லை என்று பெருமையடித்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு டீச்சர் நின்றாள். அழகாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நடந்தால் கால் தட்டியது, குனிந்தால் வயிற்றில் குத்தியது. மேடைக்குப் போனபோது சந்தோஷ் பார்த்துவிட்டுப் பல் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து மருதாயிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. இத்தனை நாள் இல்லாத சிரிப்பு இந்தக் கட்டுக்கு வருகிறதே என்றிருந்தது.

மேளம் கொட்டியது. தாலி ஏறியது. அட்சதை விழுந்தது. பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் மைக்கில் மடி நெல்லுக்குக் கூப்பிட்டார். காவ்யாவின் அம்மா பொன்னுத்தாய் மஞ்சள் துணி போர்த்திய பித்தளைப் பாத்திரத்தில் நெல்லை ஏந்திக்கொண்டு மேடையேறினாள். மருதாயி எழுந்து நின்றாள். கை தன்னால் இடுப்புக்குப் போயிற்று, மடியைத் தூக்க. அங்கே மடி இல்லை. விரலில் ஊக்குத்தான் தட்டுப்பட்டது.

இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கம் தடவினாள். கொசுவம் முன்னால் நட்டமாக நின்றது. கீழே முதல் வரிசையில் அடைக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையில வாங்கிட்டுப் போகட்டுமே, காலம் மாறிப்போச்சு என்று யாரோ சொன்னார்கள். அதெப்படி என்று வேறு யாரோ ஆரம்பித்தார்கள். மாலையும் கழுத்துமாக நின்ற சந்தோஷ் ஒன்றும் புரியாமல் என்ன ஆத்தா என்று கேட்டான்.

"மடி இல்லடா" என்றாள்.

ஒரு நொடி அவளுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். உள்ளே போய்க் கட்டை மாற்றிக்கொண்டு வந்தால், இத்தனை பேர் முன்னால் மகன் எதை மறைக்க நினைத்தானோ அதுவே மேடையேறும். மாற்றாவிட்டால் வீட்டுக்கு வருகிற பெண்ணை முந்தானையேந்தி வாங்க வேண்டும். மருதாயி மருமகளைப் பார்த்தாள். அந்தப் பெண் முகத்தில் வேர்வையும் குங்குமமும் வழிய, பயந்துபோய் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கூச்சப்பட்டால் படட்டும், அதற்காக இந்தப் புள்ளையை முந்தானையில் வாங்க முடியாது என்று முடிவு செய்துவிட்டாள். கட்டை மாத்திக்கிட்டு வந்துர்றேன் என்று பொன்னுத்தாயிடம் சொன்னாள்.

"நீங்க போய்ட்டு வாங்க சம்பந்தி. நான் இப்படியே நிக்கிறேன்" என்றாள் பொன்னுத்தாய், பாத்திரத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு. நல்ல மனுஷி.

அறைக்குள் வனிதா பின்னாலேயே ஓடிவந்தாள். போட்டோ இன்னும் பாக்கி இருக்கிறது, இஸ்திரி போட்டதெல்லாம் வீணாகிறது என்று புலம்பிக்கொண்டே ஊக்குகளை உருவினாள். மருதாயி பட்டை உதறி, முனையை இடுப்பில் முடிந்து, கொசுவத்தைப் பின்னால் தள்ளி, சுற்றி, இழுத்து, செருகினாள். இஸ்திரி மடிப்பெல்லாம் எங்கெங்கோ கோடாகத் தெரிந்தது. அதைப் பற்றி யாருக்குக் கவலை? மடியைத் தூக்கிச் செருகி இரண்டு குத்து விட்டுப் பார்த்தாள். நின்றது. வனிதா உள்ளங்கையில் ஊக்குகளை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பத்தொன்பதுதான் இருக்கு, இன்னொண்ணு எங்கம்மா என்று அவள் கேட்டபோது மருதாயி கதவைத் தாண்டியிருந்தாள்.

மேடையேறியதும் முதலில் மகன் முகத்தைத்தான் பார்த்தாள். சந்தோஷ் அவளை ஒரு தடவை பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான். போதும், இனிமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பொன்னுத்தாய் மூன்று தடவையாக நெல்லைக் கொட்டினாள். பட்டுத்துணியில் நெல் வழுக்கிக்கொண்டு ஓடி ஓரத்தில் குவிந்தது. மருதாயி இரண்டு கையையும் அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

இருபதாவது ஊக்கு இருக்கிற இடம் அப்போதுதான் தெரிந்தது. வலது இடுப்பில், நெல்லின் பாரம் இழுத்த இழுப்பில் அது வாய் திறந்துகொண்டது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு குத்து. துள்ளினால் நெல் போகும். கையை எடுத்தாலும் நெல் போகும். மண்டப வாசல் வரைக்கும் அறுபது அடி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய நடந்தாள். பெத்தவளுக்கு ஆனந்தக் கண்ணீரு என்று ஒரு பொம்பளை பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அடைக்கி கூடவே தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு நெல் விழவில்லை. கார்க் கதவருகே வந்ததும் அடைக்கி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, பாத்து ஏறுக்கா என்றாள். அதில் பொறாமை இல்லை என்பதை மருதாயி கவனித்தாள்.

பின் சீட்டில் மூன்று பேர். ஒரு ஓரம் சந்தோஷ், நடுவில் காவ்யா, இந்த ஓரம் மடி நிறைய நெல்லோடு மருதாயி. வண்டி அரிமளத்தைத் தாண்டியதும் காவ்யா மெல்லக் கேட்டாள்.

"ஏன் அத்தே அழுவுறீங்க?"

"ஊக்கு குத்துதும்மா. கைய எடுக்க முடியல."

காவ்யா மருதாணிக் கையைச் சேலை மடிப்புக்குள் விட்டு, நெல் அசையாமல் துழாவி, ஊக்கைப் பூட்டி வெளியே எடுத்துவிட்டாள். குத்துவதே தெரியாமல் ஊசி போடுகிற கையல்லவா! மருதாயிக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் தைரியமும் வந்தது. மருமகள் கேட்டால் கேட்கட்டும், இவளும் இனி வீட்டு ஆள்தானே என்று, நாலு நாளாக நெஞ்சில் கிடந்ததை எடுத்துப் போட்டாள்.

"ஏன்டா, நான் கட்டுற கட்டு ஒனக்கு அசிங்கமா இருக்கா?"

சந்தோஷ் திடுக்கிட்டுத் திரும்பினான். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீதானே மாத்திக்கச் சொன்ன. மேடையில பாத்ததும் தலையத் தொங்கப்போட்டுக்கிட்ட. பாக்காமலா இருந்தேன்?"

அவன் கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அழுக வந்துருச்சு ஆத்தா. போட்டோக்காரன் நின்னான். அதான் குனிஞ்சேன்" என்றான். பிறகு சொன்னான்: "சின்னப் பயலா இருக்கையில, விடியுமுன்ன நீ சேலைய உதறிக் கொசுவத்த இழுத்துச் செருகுற சத்தம் கேக்கும். கேட்டா அம்புட்டுத்தான், பொழுது சாயிற வரைக்கும் நீ வீட்டுல இருக்க மாட்ட. நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் கெடப்பேன், தூங்க மாட்டேன். இன்னமும் ஒன்னைய அந்தக் கட்டுல பாத்தா நீ எங்கிட்டோ கெளம்பிட்டன்னுதான் தோணுது. கல்யாணத்தன்னிக்கு ஒரு நா, எங்கிட்டும் போகாம எம் பக்கத்துலயே ஒக்காந்திருக்கணும்னு நெனச்சேன். முன்கொசுவம் கட்டுனா ஓட முடியாதுல்ல."

மருதாயி மகனைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பயல் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டு எத்தனை ஆயிரம் காலை பூனைபோலக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். இப்போது உண்மையாகவே அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளத்தான் கையில்லை. காவ்யா தன் முந்தியால் துடைத்துவிட்டாள், துடைத்துவிட்டு அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

"மொதல்லயே வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்று மகனைத் திட்டினாள். திட்டியதும் மனசு லேசாகிவிட்டது.

வல்லத்திராக்கோட்டை வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள். காவ்யா வலது காலை வைத்து உள்ளே வந்தாள். மருதாயி நேரே சாமி அறைக்குப் போய் அண்டாவின்மேல் குனிந்து மடியை அவிழ்த்தாள். நெல் சலசலவென்று இறங்கியது. மடியை உதறி, கொசுவ இடுக்கில் ஒட்டியிருந்த நாலு மணியையும் பொறுக்கிப் போட்டாள். சேவுகன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, முழுசும் வந்துருச்சா என்று மட்டும் கேட்டார்.

கூடத்தில் ஜமக்காளம் விரித்துப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்திருந்தார்கள். வீடு கொள்ளாத சனம். அடுப்படியிலிருந்து அடைக்கியின் குரல் வந்தது, பாயாசத்துக்கு வெல்லம் எங்கே இருக்கிறது, பெரிய கரண்டியைக் காணோம், வந்து பாரக்கா என்று. மருதாயியின் கை பழக்கத்தில் சேலையைத் தூக்கிச் செருகப் போனது. கால் அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டது. அப்போது சந்தோஷ் அவளைப் பார்த்தான். கூப்பிடவில்லை. முப்பது வயது ஆம்பளை, மீசை வைத்தவன், பாயில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த பயலாக அங்கே உட்கார்ந்திருந்தான்.

மருதாயி திரும்பி வந்து ஜமக்காளத்தில் மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்கொசுவம் கசங்கினால் கசங்கட்டும் என்று காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.

"வெல்லம் பரண்ல பானைக்குள்ள இருக்கு அடைக்கி. கரண்டிய நீங்களே தேடிக்கங்க. நான் இன்னிக்கு எந்திரிக்கலத்தா. காப்பி இருந்தா ஒண்ணு குடுத்துவிடு."

அடுப்படியில் கரண்டி தேடி உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு காப்பி வந்தது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். மருதாயி அதை ஆற அமர, கடைசிச் சொட்டுவரைக்கும் உட்கார்ந்தே குடித்தாள்.